பூர்வகுடி ஆசிரியரோடு ஒரு படம், ஒரு வட்டம், ஒரு நாள்: கனடாத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரொறொன்ரோவில் மண்டபம் எடுப்பதும் ஆட்களைத் திரட்டுவதும் நம்மவர்களுக்குக் கைவந்த வேலை. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், முதியோர் சங்கம், தமிழ்ப் பள்ளி என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஓர் ஒன்றுகூடல் நடந்துகொண்டே இருக்கிறது. அவற்றில் ஒரு நாளையாவது இந்த நிலத்தின் மூத்த குடிகளோடு உட்கார்ந்து, அவர்கள் எடுத்த படத்தைப் பார்த்து, அவர்கள் சொல்வதைக் கேட்கும் நாளாக்க வேண்டும் என்று நான் பல காலமாகச் சொல்லி வருகிறேன். சில இடங்களில் நடத்தவும் கைகொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்திலும், பூர்வகுடி ஆசிரியர்கள் இந்த வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் விதத்திலும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

இதற்கு இப்போது என்ன அவசியம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பள்ளிகளின் கொடுமைகளை விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் செயலுக்கான 94 அழைப்புகளை வெளியிட்டது. அதன் தலைவர் மரே சின்கிளேர் அனிஷினாபே என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த நீதிபதி. இந்த நிலைக்கு நம்மைக் கொண்டுவந்ததும் கல்விதான், இதிலிருந்து மீட்கப்போவதும் கல்விதான் என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். 63ஆவது அழைப்பு மாணவர்களிடையே பண்பாடுகளுக்கு இடையிலான புரிதலையும் பரிவையும் வளர்க்கச் சொல்கிறது. 93, 94 இரண்டும் நேரே நம்மைப் போன்ற குடிவரவாளர்களைப் பற்றியவை. 94ஆவது அழைப்பின்படி 2021 ஜூனில் குடியுரிமை உறுதிமொழியே மாறிவிட்டது. இப்போது குடியுரிமை எடுக்கும் ஒவ்வொரு தமிழரும் பூர்வகுடிகளின் உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் ஏற்கும் அரசியலமைப்பைக் கடைப்பிடிப்பதாக வாய்விட்டுச் சொல்கிறார். சொன்ன சொல்லின் பொருள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

படிகளுக்கு முன்: அலனிஸ் ஒபொம்சாவின் காட்டிய வழி

பயிற்சியையும் படத்தையும் ஒன்றாகச் சேர்ப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள அலனிஸ் ஒபொம்சாவினின் வாழ்க்கையைப் பார்த்தாலே போதும். 1932இல் பிறந்த, அபெனாகி என்ற பூர்வகுடி இனத்துப் பெண். கியூபெக்கில் ஒடனாக் என்ற பூர்வகுடிக் குடியிருப்பில் வளர்ந்தவர். தாயின் உறவினரான தெயோ பனாடிஸ் அவருக்குத் தன் இனத்தின் பாட்டுகளையும் வரலாற்றையும் சொல்லிக்கொடுத்தார். ஒன்பது வயதில் குடும்பம் துரோவா-ரிவியேர் நகரத்துக்குப் போனபோது, வகுப்பிலே பூர்வகுடிப் பிள்ளை அவர் மட்டும்தான். வரலாற்றுப் புத்தகம் அவருடைய மக்களைக் காட்டுமிராண்டிகள் என்றது. மற்றப் பிள்ளைகள் அடித்தார்கள். புத்தகத்தில் அப்படி எழுதியிருப்பதால்தான் அந்தப் பிள்ளைகள் அப்படி நடக்கிறார்கள், அவர்கள் வேறு கதை கேட்டால் வேறு மாதிரி நடப்பார்கள் என்ற எண்ணம்தான் அவரைப் பிற்காலத்தில் பள்ளி பள்ளியாகக் கொண்டுபோனது. 1960களில் அவர் பாடகியாகவும் கதைசொல்லியாகவும் வகுப்பறைகளுக்குப் போய்ப் பிள்ளைகளோடு பேசினார். 1967இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் ஆலோசகராக அழைத்தது. முழுநீளப் படங்களுக்குப் பேர்போகும் முன்பே, மனவான், லில்வாட் சமூகங்களின் குரலிலேயே வகுப்பறைக் கல்விப் பொதிகளை அவர் உருவாக்கினார்.

அவருடைய வேலைமுறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. ஒருவரை நேர்காணப் போகும்போது முதலில் கமெரா கிடையாது. ஒலிப்பதிவுக் கருவி மட்டும். பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு நேரமானாலும் கேட்பார். வெளிச்சமும் ஆட்களும் இல்லாதபோதுதான் மனிதர் மனம் திறப்பார் என்பது அவருக்குத் தெரியும். படப்பிடிப்பு அதற்குப் பிறகுதான். நீங்கள் நடத்தப்போகும் நாளுக்கும் இதே ஒழுங்குதான் பொருந்தும். முதலில் கேட்பது, அப்புறம் படம், அப்புறம் மறுபடி கேட்பது.

1. யாருக்காக, எதற்காக என்று தீர்மானியுங்கள்

“பூர்வகுடிகளைப் பற்றி அறிய” என்று எழுதினால் அது நோக்கம் ஆகாது. தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கென்றால், வகுப்பில் பூர்வகுடிகளைப் பற்றி என்ன சொல்லலாம், எதை விட வேண்டும் என்று தெளிவது நோக்கம். பராமரிப்பு இல்லங்களிலும் வீடுகளிலும் வேலைசெய்யும் நம் பெண்களுக்கென்றால், வதிவிடப் பள்ளியில் வளர்ந்த ஒரு முதியவர் நிறுவனக் கட்டில்களையும் சீருடைகளையும் கண்டு ஏன் ஒடுங்கிப்போகக் கூடும் என்று விளங்கிக்கொள்வது நோக்கம். குடியுரிமைக்குக் காத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஒரே நாளில் எல்லோருக்கும் எல்லாம் சொல்ல முயல வேண்டாம். 25, 30 பேருக்கு மேல் சேர்க்கவும் வேண்டாம். வட்டமாக இருந்து ஒவ்வொருவரும் பேச வேண்டும் என்றால் அதற்கு மேல் தாங்காது.

2. நீங்கள் நிற்கும் நிலத்தை அறியுங்கள்

இது எந்தப் பூர்வகுடிகளின் நிலம் என்று சொல்லும் நில அங்கீகார உரையை இணையத்திலிருந்து எடுத்து மேடையில் வாசிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அதை வாசிக்கப் போகிறவருக்காவது அதிலுள்ள பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

ரொறொன்ரோவின் பெரும்பகுதி 13ஆம் ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. 1787இல் நடந்த ஒழுங்கற்ற ஒரு கொள்வனவைச் சரிக்கட்ட, 1805இல் கிரெடிட் மிஸிஸாகா மக்களிடமிருந்து 10 ஷில்லிங்குக்கு இந்த நிலம் எழுதி வாங்கப்பட்டது. அதற்கான இழப்பீட்டு வழக்கு 2010இல் 14.5 கோடி டொலருக்குத் தீர்க்கப்பட்டது. ஸ்காபரோப் பக்கம் 1923இன் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களும் வருகின்றன. அவற்றின் கீழ் மக்களிடமிருந்து வேட்டை, மீன்பிடி உரிமைகள் பறிக்கப்பட்டன. அது சரிசெய்யப்பட்டது 2018இல்தான்.

இதைக் காகிதத்தில் படிப்பதைவிட நடந்து பார்ப்பது நல்லது. லோரன்ஸ் அவெனியூ கிழக்கில், பெலமி வீதிக்கு அருகே தாபர் ஹில் என்றொரு சிறு குன்று இருக்கிறது. சுற்றிலும் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். 1956இல் கட்டுமான வேலைக்காக அந்தக் குன்றை வெட்டியபோது உள்ளே மனித எலும்புகள் கிடைத்தன. ஹியூரோன்-வென்டாட் மக்களின் முன்னோர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் தங்கள் இறந்தவர்களைக் கூட்டாக அடக்கிய இடம் அது. சுமார் 500 பேர். வேலை நிறுத்தப்பட்டது, சடங்கு செய்து மறுபடி அடக்கம் செய்தார்கள். இப்போது புல்வெளியும் உச்சியில் ஒரு நினைவுக் கல்லும். பயிற்சிக்கு முந்திய ஒரு சனிக்கிழமை, பங்கெடுப்பவர்களை அங்கே கூட்டிப்போங்கள். குன்றில் ஏறிச் சத்தம் போட்டு விளையாடக்கூடாது என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். துயிலும் இல்லங்கள் இடிக்கப்பட்ட மண்ணிலிருந்து வந்த நமக்கு அந்த இடத்தில் நிற்கும் முறை தெரியும்.

3. ஆசிரியரை அழைப்பது

இதுதான் முழு வேலையின் அச்சாணி. படத்தைத் தேர்ந்து, திகதி குறித்து, மண்டபம் எடுத்து, அழைப்பிதழ் அடித்துவிட்டுக் கடைசியில் “பேச ஒரு பூர்வகுடி வேண்டும்” என்று தேடிப் போகாதீர்கள். அது அழைப்பாகாது. அவரோடு பேசிய பிறகுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டும்.

எங்கே தேடுவது? ரொறொன்ரோவில் 1962இலிருந்து இயங்கும் பூர்வகுடிக் கனேடியர் நிலையம் ஸ்படைனா வீதியில் இருக்கிறது. அங்கே போய், வந்த காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். மற்ற நகரங்களில் பூர்வகுடிகளின் நட்புறவு நிலையங்கள் உள்ளன. பல்கலைக்கழகங்களிலும் கல்விச் சபைகளிலும் பூர்வகுடிக் கல்விப் பிரிவுகள் உண்டு. எந்தப் பூர்வகுடி இனத்தவர் என்று அறிந்து கேளுங்கள். கனடாவில் 600க்கு மேற்பட்ட முதற்குடிச் சமூகங்கள் இருக்கின்றன. அவர்களைத் தவிர வடதுருவப் பக்கத்து இனுயிட் மக்கள், பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பில் உருவான மெட்டி மக்கள். ஒரு க்ரீ ஆசிரியர் இனுயிட் மக்களுக்காகப் பேச முடியாது, பேசவும் விரும்பமாட்டார்.

ஜூன் மாதத்தையும் செப்டம்பர் கடைசியையும் தவிருங்கள். ஜூன் 21 பூர்வகுடிகள் நாள், செப்டம்பர் 30 உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான நாள். அந்த இரண்டு சமயத்திலும் நாட்டிலுள்ள எல்லாப் பள்ளியும் எல்லா அலுவலகமும் அதே சிலரைத்தான் கூப்பிடுகின்றன. பெப்ரவரியில் கேட்டுப் பாருங்கள், நிதானமாகப் பேச நேரம் கிடைக்கும்.

மதிப்பூதியத்தை முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். சங்கத்திடம் காசில்லை என்றால் நாளைத் தள்ளிப் போடுங்கள், இலவசமாக வரச்சொல்லிக் கேட்காதீர்கள். தவில் நாதஸ்வரக் கலைஞருக்கு முற்பணம் கொடுக்கத் தெரிந்த நாம் இதையும் செய்யலாம். பயணச் செலவு தனி. மூதாளர், அதாவது தன் சமூகம் மதிக்கும் அறிவுப் பெரியவர் ஒருவர், துணைக்கு யாரையாவது அழைத்துவந்தால் அவருக்கும் சேர்த்துப் பாருங்கள்.

அனிஷினாபே, க்ரீ போன்ற பல மக்களிடம், மூதாளரிடம் அறிவு கேட்டுப் போகிறவர் புகையிலை கொடுத்துக் கேட்பது முறை. நாம் வெற்றிலை வைத்து அழைப்பதுபோல என்று சொன்னால் நம் முதியவர்களுக்கு உடனே விளங்கும். ஆனால் எல்லா மக்களுக்கும் இது வழக்கமில்லை. இனுயிட் மரபில் இல்லை. ஆகவே, “உங்களை முறைப்படி அழைக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று முன்பே கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்வியில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: வருபவர்கள் யார், எத்தனை பேர், என்ன மொழி, ஏற்கெனவே எவ்வளவு தெரியும், எதைக் கற்க வந்திருக்கிறார்கள். இன்னொன்றையும் எழுதுங்கள். வருபவர்களில் பலர் போரையும் இடப்பெயர்வையும் கடந்தவர்கள், பிள்ளைகளை இழந்தவர்களும் இருக்கலாம் என்று. எந்த அறைக்குள் நுழைகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

4. படத்தை அவரோடு சேர்ந்து தேர்ந்தெடுங்கள்

படம் யாருடையது என்று முதலில் பாருங்கள். பூர்வகுடிகளைப் பற்றி மற்றவர்கள் எடுத்த படங்கள் ஏராளம். தேசியத் திரைப்பட வாரியத்தில் 1968இல்தான் பூர்வகுடி இளைஞர்களைக் கொண்ட முதல் படக்குழு உருவானது. அதில் ஒருவர் அக்வசாஸ்னேயைச் சேர்ந்த மோஹாக் இளைஞர் மைக் மிச்செல். அந்த ஆண்டு டிசம்பரில் தன் மக்கள் கனடா-அமெரிக்க எல்லைப் பாலத்தை மறித்து நடத்திய போராட்டத்தைப் படமாக்க வேண்டும் என்று அவர் குழுவை வரவழைத்தார். போராட்டத்தில் முன்னே நின்று கைதானவர்களில் அவரும் ஒருவர். 1969இல் வந்த அந்தப் படத்துக்கு நெடுங்காலம் இயக்குநராக வேறொருவர் பெயரே இருந்தது. 2017இல்தான் வாரியம் மிச்செலின் பெயரைப் போட்டது. நீங்கள் எடுக்கும் படத்தின் பெயர்ப் பட்டியலையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

எந்தப் படம் யாருக்கு? ஒபொம்சாவினின் படங்களையே உதாரணமாக எடுக்கிறேன், ஏனென்றால் பல படங்கள் வாரியத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதன்முதலாக நடத்துகிறீர்கள் என்றால் ‘கிறிஸ்மஸ் அட் மூஸ் ஃபாக்டரி’ போதும். 1971இல் வந்த அவருடைய முதல் படம், 13 நிமிடந்தான். ஜேம்ஸ் விரிகுடாப் பக்கம், வதிவிடப் பள்ளி ஒன்றில் இருந்த க்ரீப் பிள்ளைகள் மெழுகுக் கலர்க் குச்சியால் கீறிய படங்களும் அவர்களுடைய குரல்களும் மட்டுமே. அழுகை இல்லை, குற்றச்சாட்டு இல்லை. பனி, நாய்கள், மரம், வீடு. பிள்ளைகள் எதைக் கீறியிருக்கிறார்கள், எங்கே இருந்து கீறியிருக்கிறார்கள் என்ற இரண்டையும் சேர்த்து யோசிக்கும்போதுதான் மனம் கனக்கிறது. படம் முடிந்ததும் நம் அம்மம்மாக்களில் யாராவது கேட்கும் முதல் கேள்வி, “இந்தப் பிள்ளையள் எப்ப வீட்டை போவினம்?” என்பதாகத்தான் இருக்கும். ஒரு பயிற்சியைத் தொடங்க அதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. ஆசிரியர் அங்கிருந்தே எடுத்துச் செல்லலாம்.

வல்வெட்டித்துறை, மயிலிட்டி, முல்லைத்தீவுக்காரர் நிறைந்த சங்கமென்றால் ‘இன்சிடென்ட் அட் ரெஸ்டிகூஷ்’. 1984இல் வந்த 46 நிமிடப் படம். 1981 ஜூனில், சால்மன் மீன்பிடியைக் கட்டுப்படுத்துகிறோம் என்று சொல்லி கியூபெக் பொலிசார் மிக்மாக் மக்களின் ஊருக்குள் இரண்டு தடவை புகுந்து வலைகளைப் பறித்து ஆட்களைப் பிடித்துப் போனார்கள். கடலில் பாஸ் நடைமுறை என்றால் என்ன, வலை போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தப் படத்துக்கு முன்னுரையே தேவையில்லை. மீன்பிடிக்குப் பொறுப்பான அமைச்சரை நேர்காணும்போது இயக்குநர் பொறுமை இழந்து நேருக்கு நேர் வாதாடும் காட்சி ஒன்று வரும். அதில் நிறுத்திப் பேசலாம்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் 2013இன் ‘ஹாய்-ஹோ மிஸ்டஹே!’ நல்லது. அட்டவாபிஸ்கட் என்ற க்ரீ ஊரில் டீசல் கசிந்து நிலம் நஞ்சானதால் 2000இல் ஆரம்பப் பள்ளி மூடப்பட்டது. பிள்ளைகள் தற்காலிக நகர்த்து வகுப்பறைகளில் படித்தார்கள். ஷானன் கூஸ்டச்சின் என்ற சிறுமி ஒட்டாவா வரை போய்ப் பள்ளி கேட்டாள். 2010இல் விபத்தில் இறந்தாள், அப்போது 15 வயது. புதிய பள்ளி 2014இல் திறந்தது. படிப்புக்காக எதையும் விற்கத் தயாரான சமூகம் நாம், இந்தக் கதை நம்மைத் தொடாமல் போகாது. முழுநீளப் படம் என்பதால் பகுதிகளைத் தேர்ந்து காட்ட வேண்டிவரும்.

1990இன் ஓகா முற்றுகையைப் பற்றிய ‘கனெஸடாகே’ (1993) அவருடைய தலைசிறந்த படம் என்பது என் எண்ணம். ஒரு கோல்ஃப் மைதானத்தை விரிக்க மோஹாக் மக்களின் பைன் காட்டையும் இடுகாட்டையும் எடுக்க முயன்றபோது தொடங்கியது அந்தப் போராட்டம். 78 நாள் நீடித்தது, இராணுவம் வந்தது. ஒபொம்சாவின் தடுப்புக்கு உள்ளேயே இருந்து படம் பிடித்தார். ஆனால் படம் இரண்டு மணி நேரம். அரைநாள் பயிற்சிக்குள் இதைத் திணிக்காதீர்கள், தனி நாள் கொடுங்கள். இராணுவ முட்கம்பிகளையும் சோதனைச் சாவடிகளையும் பார்த்ததும் நம்மில் சிலருக்கு உடம்பு நடுங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பராமரிப்புத் துறையினருக்கு 1986இன் ‘ரிச்சர்ட் கார்டினல்’ மிகப் பொருத்தமானது. வளர்ப்பு இல்லம் மாற்றி வளர்ப்பு இல்லம் என்று அலைக்கழிக்கப்பட்டு உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு மெட்டிப் பையனின் நாட்குறிப்பு அது. முன்னெச்சரிக்கை இல்லாமல், ஆறுதல் சொல்ல ஆள் இல்லாமல் காட்டவே கூடாது.

வீட்டில் இலவசமாகப் பார்க்கலாம் என்பதால் மண்டபத்தில் போடலாம் என்று ஆகிவிடாது. கூட்டாகத் திரையிடத் தனி அனுமதி தேவைப்படும், வாரியத்துக்கோ விநியோகஸ்தருக்கோ எழுதிப் பெற்றுக்கொள்ளுங்கள்.

மொழிச் சிக்கல் ஒன்று. இந்தப் படங்களுக்குத் தமிழ் வசனவரி கிடையாது. படம் ஓடும்போது ஒலிவாங்கியில் மொழிபெயர்த்துச் சொல்வதை நான் ஏற்பதில்லை. பேசுபவரின் குரலை அது மூடிவிடும், இந்தப் படங்களில் குரல்தான் எல்லாம். ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு முன்னதாகவே கொடுங்கள். 12, 15 நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, நடந்ததைத் தமிழில் சுருக்கிச் சொல்லுங்கள். எங்கே நிறுத்தலாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக் குறித்துவையுங்கள்.

5. இரண்டு வாரம் முன்பே வீட்டுப்பாடம்

அழைத்துவந்த ஆசிரியர் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டி வந்தால், அவருடைய நேரத்தில் பாதி அதிலேயே போய்விடும். நாமே படித்துக்கொள்ளக் கூடியதை நாமே படிப்பதுதான் மரியாதை. அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தின் இலவச இணையப் பாடநெறி 12 பாடங்களில் கனடாவின் பூர்வகுடி வரலாற்றைச் சொல்கிறது. ஆங்கிலம் தெரிந்த இளையவர்கள் அதைப் படித்து, பெரியவர்களுக்குத் தமிழில் சொல்லலாம்.

எல்லோர் கையிலும் ஓர் ஆண்டுத்தாள் இருக்கட்டும். 1876: பூர்வகுடிகளின் வாழ்வை அடிமுடி கட்டிப்போட்ட இந்தியன் சட்டம். 1920: பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது கட்டாயமானது. 1927 முதல் 1951 வரை: நில உரிமை கோர வழக்கறிஞரை அமர்த்துவதற்குப் பணம் திரட்டுவது சட்டப்படி குற்றம். 1960: இந்தியன் சட்டத்தின் கீழான தங்கள் பதிவு நிலையை இழக்காமல் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை. 1990கள்: கடைசி வதிவிடப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அந்தப் பள்ளிகளுக்குள் போனார்கள். இந்த ஆண்டுகளுக்குப் பக்கத்தில், அதே ஆண்டில் தங்கள் குடும்பத்தில் என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் எழுதிக்கொண்டு வரட்டும். தன்னுடைய அக்கா கனடா வந்திறங்கிய பிறகும் அந்தப் பள்ளிகளில் சில இயங்கிக்கொண்டிருந்தன என்று கண்டுபிடிப்பவர் அந்தத் தாளை எளிதில் தூக்கிப் போடமாட்டார்.

6. அறை

கதிரைகளை வட்டமாகப் போடுங்கள். மேடை, பொன்னாடை, மங்கல விளக்கு, பிரமுகர் வரிசை எதுவும் வேண்டாம். தலைவர் உரை, செயலாளர் உரை, நன்றியுரை என்று ஒரு மணி நேரம் போவதையும் இந்த ஒரு நாளைக்கு விட்டுவிடுங்கள்.

ஆசிரியரோ மூதாளரோ சேஜ், இனிப்புப் புல் போன்ற மூலிகைகளை எரித்துப் புகையால் தூய்மைப்படுத்தும் சடங்கோடு தொடங்க விரும்பலாம். அப்படியென்றால் ஒரு வாரத்துக்கு முன்பே கட்டட முகாமையாளரிடம் சொல்லி, புகை எச்சரிக்கை மணிக்கு ஏற்பாடு செய்யுங்கள். சடங்கின் நடுவில் மணி அலறித் தீயணைப்பு வண்டி வந்தால் அந்த அவமரியாதைக்கு நாம்தான் பொறுப்பு. ஆஸ்துமா உள்ளவர்கள் வெளியே நிற்கலாம் என்றும், சடங்கில் சேர்வது அவரவர் விருப்பம் என்றும் முன்பே அறிவியுங்கள்.

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஓர் அமைதியான அறை, அதில் உளவளத்துணை தெரிந்த ஒருவர், முடிந்தால் தமிழ் பேசுபவர். தேத்தண்ணி, றோல்ஸ் எல்லாம் இருக்கட்டும், ஆனால் பாத்திரச் சத்தம் படத்துக்குள் வரக்கூடாது. வதிவிடப் பள்ளிகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கான 24 மணி நேர உதவி எண் 1-866-925-4419 சுவரில் ஒட்டப்பட்டிருக்கட்டும். நம் கூட்டத்திலேயே பூர்வகுடிக் குடும்பத்தில் மணம்செய்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இருக்கலாம்.

7. அன்றைய ஒழுங்கு

அரைநாளென்றால் ஆசிரியர் தொடங்கிவைக்க அரைமணி, படம் ஒரு மணிக்குள், பிறகு ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் இருத்தல், இடைவேளை, கடைசியில் ஒன்றரை மணி நேர வட்டம். வட்டத்துக்கான நேரத்தை மட்டும் எதற்காகவும் வெட்டாதீர்கள். படம் முடிந்தவுடனே விளக்கைப் போட்டு “கேள்வி இருக்கா?” என்று கேட்பதும் வேண்டாம்.

சிலர் படத்துக்குப் பதிலாகவோ அதற்கு முன்போ போர்வைப் பயிற்சியைக் கேட்பார்கள். 1996இல் வந்த பூர்வகுடிகள் பற்றிய அரச ஆணைக்குழுவின் அறிக்கையை மக்களிடம் கொண்டுபோக, அடுத்த ஆண்டு உருவான பயிற்சி அது. தரையில் விரித்த போர்வைகள்தான் நிலம். பங்கெடுப்பவர்கள் அதன்மேல் நிற்க, வரலாறு வாசிக்கப்பட வாசிக்கப்பட போர்வைகள் மடிக்கப்படும், கையில் உள்ள அட்டையைப் பொறுத்துச் சிலர் போர்வையை விட்டு இறங்க வேண்டிவரும். கடைசியில் சிறு துண்டுகளில் சிலர் மட்டும் தனித்தனியே நிற்பார்கள். நம்மவர்களை இது ஆழமாக உலுக்கும். ஆகவே பயிற்சி பெற்ற பூர்வகுடி நடத்துநர்கள் இல்லாமல் இணையத்தில் பார்த்து நீங்களாகச் செய்யாதீர்கள்.

8. வட்டத்தில் பேசுவது

இங்கேதான் நம்மவர்களுக்கு என்றே ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. படம் முடிந்ததும் பலருக்கு நெஞ்சு நிறைந்து, “எங்களுக்கும் இதுதானே நடந்தது” என்று வரும். நிலம் பறிபோனது, நூலகம் எரிந்தது, பிள்ளைகள் காணாமற் போனது எல்லாம் ஒன்றாகப் பொங்கும். அந்த உணர்வு பொய்யில்லை. அதுதான் நம்மை இந்த அறைக்கு அழைத்துவந்தது. ஆனால் முதல் பத்து நிமிடத்திலேயே அதைத் தொடங்கினால், அவர்களின் கதையைக் கேட்க வந்த நாள் நம் கதையைச் சொல்லும் நாளாகிவிடும். தன் பாட்டியின் கதையை இப்போதுதான் சொல்லி முடித்த ஆசிரியர், நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்துக்குத் தள்ளப்படுவார்.

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. நம் துன்பத்தோடு நாம் வந்திறங்கினோம், குடியேறினோம், வீடு வாங்கினோம். அந்த வீடு நிற்கும் நிலம் எப்படிக் கைமாறியது என்பதில் நாமும் இப்போது ஒரு கண்ணி. இரண்டும் ஒரே மனிதருக்குள் இருக்கலாம். இதை யார்மேலும் குற்றமாகச் சுமத்தாமல், ஆனால் ஒளிக்காமலும் பேச வேண்டும்.

என் வழி இது. வட்டம் இரண்டு சுற்று வரட்டும். முதல் சுற்றில் படத்தில் பார்த்ததை மட்டும், கேட்டதை மட்டும் ஒவ்வொருவரும் ஒரு வசனத்தில் சொல்லட்டும். “அந்தப் பையன் நாயை வீட்டை விடப் பெரிதாகக் கீறியிருந்தான்” என்பதுபோல. தன் கதை இந்தச் சுற்றில் இல்லை. ஆசிரியர் அதற்குப் பதில் சொன்ன பிறகு, அவர் விரும்பினால் இரண்டாம் சுற்றைத் திறப்பார். அப்போது நம் கதைகள் வரலாம். முதல் சுற்றில் பொறுத்திருந்து கேட்டவர் இரண்டாம் சுற்றில் தன் கதையைச் சொல்லும்போது அது வேறு விதமாக வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒப்பிடும் வேகம் அதில் இருக்காது.

மொழிபெயர்ப்பவர் ஒருவர் ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும். நம் ஆட்கள் தமிழில் தங்களுக்குள் கதைத்துச் சிரித்தால் அவருக்கு எதுவும் விளங்காது, சங்கடப்படுவார். மதம் மாற்றத்தைப் பற்றி, மதுவைப் பற்றி, “அரசாங்கம் எல்லாம் இலவசமாகத்தானே குடுக்குது?” என்பதைப் பற்றிக் கேள்விகள் வரத்தான் செய்யும். அடக்காதீர்கள், ஆனால் ஆசிரியர்மேல் எறியவும் விடாதீர்கள். எழுதி வாங்கி, எதற்குப் பதில் சொல்வது என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும். இலவசம், வரி போன்ற பொய்க் கதைகளுக்குப் பதில் சொல்வது வீட்டுப்பாடம் செய்த நம் வேலை.

9. நாளைப் பதிவுசெய்வதும் நீங்களே படம் எடுப்பதும்

நம் ஒன்றுகூடல்களில் கைப்பேசி தூக்காதவர் இல்லை. வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: சடங்கு, மூதாளரின் பேச்சு, வட்டம் மூன்றையும் யாரும் எடுக்கக்கூடாது, முகநூலில் நேரலையும் கிடையாது. ஒரு குழுப்படம் வேண்டுமென்றால் கடைசியில், கேட்டுவிட்டு.

நம் இளையவர்கள் சிலர் இதையே ஒரு குறும்படமாக எடுக்க வேண்டும் என்று வருவார்கள். நல்லது. ஆனால் பதிவானவற்றுக்கு உரிமையாளர் யார், வைத்திருப்பவர் யார், வெளியிடச் சொல்பவர் யார், திரும்பக் கேட்டால் அழிப்பீர்களா என்பதையெல்லாம் முதலில் எழுதுங்கள். முதற்குடிகள் தங்கள் தகவல்களுக்கென்று 1998இலிருந்து வலியுறுத்திவரும் நான்கு கொள்கைகள் உரிமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் வைத்திருத்தல். அவற்றை அப்படியே உங்கள் ஒப்பந்தத்துக்கு அடிப்படையாக வையுங்கள். தொகுத்த படத்தை வெளியிடும் முன் பேசியவரிடம் காட்டுங்கள். அவர் வெட்டச் சொன்னதை வெட்டுங்கள்.

கியூபெக்கில் வாபிகோனி மொபில் என்ற நிறுவனம் 2004இலிருந்து ஒரு வண்டியையே நடமாடும் ஸ்டூடியோவாக்கி, பூர்வகுடி ஊர்களுக்குப் போய் அங்குள்ள இளைஞர்களே தங்கள் குறும்படங்களை எடுக்கப் பயிற்சி கொடுக்கிறது. நம் இளையவர்கள் எடுப்பதைவிட, அவர்கள் எடுத்த குறும்படங்களையும் நம் பிள்ளைகள் தங்கள் குடும்பத்தைப் பற்றி எடுத்த குறும்படங்களையும் ஒரே நாளில் போட்டு, எடுத்தவர்களைப் பேசவைப்பது இன்னும் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

10. அப்புறம்

மதிப்பூதியத்தை அன்றே, உறையில், நிகழ்ச்சி முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். “பொருளாளர் அனுப்பிவைப்பார்” என்று சொல்லி வழியனுப்பாதீர்கள்.

ஒரு மாதம் கழித்து அதே 25 பேரையும் ஆசிரியர் இல்லாமல் கூட்டுங்கள். நாற்பத்தைந்து நிமிடம் போதும். என்ன மாற்றினார்கள் என்று மட்டும் கேளுங்கள். தமிழ்ப் பள்ளி ஆசிரியர், அமெரிக்கக் கண்டத்தைக் கொலம்பஸ் கண்டுபிடித்தார் என்று இன்னும் எழுதியிருக்கும் பாடப் பக்கத்தைத் திருத்தினாரா? சங்கத்தின் நில அங்கீகார உரையில் எந்த ஒப்பந்தம், எந்த ஆண்டு என்று சேர்ந்துவிட்டதா? பராமரிப்பு வேலையில் உள்ளவர், தன் நிறுவனத்தில் பூர்வகுடி முதியவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று மேலாளரிடம் விசாரித்தாரா? கோடையில் பொதுமக்களுக்குத் திறந்த பவ்வாவ் (பூர்வகுடிகளின் ஆடல் பாடல் ஒன்றுகூடல்) விழா எது என்று யாராவது பார்த்துவைத்தார்களா?

அந்தப் பதில்களை ஒரு பக்கமாக எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள். அடுத்த ஆண்டு அவரைத்தான் மறுபடி அழைக்கப் போகிறீர்கள் என்றால், திகதியை அவரே சொல்லட்டும் என்று அதே கடிதத்தில் கேட்டுவையுங்கள்.